அகலத் துடுப்பு

அசதி எனக்கு முதலில் தோளில்தான் தெரியும். வைகை அணைத் தேக்கத்தில் பரிசலில் போய் வலை எடுப்பது என் வீட்டுக்காரர் வேலை. போன வருஷம் அவர் தேனி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, வலது தோளில் தகடு வைத்த பிறகு, அந்த வேலை என் தலையில் விழுந்தது. "தை பொறந்தா துடுப்புப் போடலாம்னு டாக்டர் சொன்னாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

வலைகூடப் பரவாயில்லை, துடுப்புதான் என் உயிரை வாங்கியது. தன் கைக்கென்று அவரே செய்தது, முறம் அகலத்துக்குப் பலகை. அவர் ஒரு இழுப்பு இழுத்தால் பரிசல் விறுவிறுவென்று போகும். நான் இழுத்தால், அந்த அகலத்தில் பிடிபடும் தண்ணீரை என்னால் நகர்த்த முடியாது. பரிசல்தான் சுற்றும். பத்து இழுப்பில் கை மரத்துவிடும். எதிர்க்காற்று அடித்த நாட்களில் அழுதும் இருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு காலை, துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, பரிசலில் உட்காரும் பலகையை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு சாண்கூட அகலமில்லை. தண்ணீர் இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடியது, பரிசல் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் கை ஓயவில்லை. கரை வந்து சேர்ந்தேன்.

வீட்டில் சொன்னேன். "துடுப்பை ரெண்டு பக்கமும் அறுத்துக் கொறைச்சிருவோம்."

"அகலம் கொறைஞ்சா தண்ணி பிடிக்காது புள்ள. பத்து இழுக்கிற எடத்துல பதினஞ்சு இழுக்கணும்."

"இழுத்துட்டுப் போறேன். இப்ப பத்துக்கே நாக்குத் தள்ளுது."

"தையில வந்து நான் எதைப் போடுவேன்? அதுல கை வைக்காத."

சண்டை போடக்கூடத் தெம்பில்லை. எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. படுத்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துக் காலையில் வெளியே வந்தால், துடுப்பைக் காலால் மிதித்துக்கொண்டு இடது கையால் ரம்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். கோணல்மாணலாகப் போனது. நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு ஓரமும் விழுந்தன. விளிம்பை அரத்தால் ராவி மெலிசாக்கினார். "இனி தண்ணியில சத்தமில்லாம எறங்கும்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"நிமிந்து நில்லு."

துடுப்பை என் பக்கத்தில் நிறுத்தி, என் தோளுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டார். அவர் கை பட்டுப் பட்டு வழுவழுத்துப் போயிருந்த பிடி அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. அதையும் அறுத்தார்.

தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. அதற்குப் பிறகு தையைப் பற்றி அவர் பேசவில்லை.