சகலையின் பலகாரத்துக்கு மாற்றுத் தேடி: கேகாலை முதல் பலாங்கொடை வரை

கடந்த ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, கேகாலையிலிருந்து பலாங்கொடைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம் வரை இனிப்புத் தின்றுகொண்டே போனேன். இதே வழியில் போக நினைப்பவர்கள் இதை உணவுச் சுற்றுலா என்று எடுத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். உண்மையான காரணம் என் சகலை.

பெயர் யோகராஜா. என் மனைவியின் தங்கை புஷ்பாவைக் கட்டியவர். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம். அவருக்கு இன்னும் முடி கொட்டவில்லை. அவருடைய நாய் கூப்பிட்டால் வருகிறது. அவர் பேசும் சிங்களத்தைக் கேட்டுவிட்டுச் சிங்களவர்களே அவருக்கு எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள். இதையெல்லாம் நான் பெருந்தன்மையோடு தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அவர் சுடும் கொண்டைப் பலகாரம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசி மாவைக் கித்துள் பனையின் பாகான கித்துள் பாணியில் கரைத்துக் கொதிக்கும் தேங்காய் எண்ணெயில் ஊற்றுவார்கள். நடுவில் ஓர் ஈர்க்குக் குச்சியை நிறுத்தித் திருகிக்கொண்டே, சுற்றிலும் எண்ணெயை அள்ளி அள்ளி விடுவார்கள். மாவு மேலே எழும்பிக் கொண்டை கட்டும். சிங்களத்தில் இது கெவும். கொண்டை நிமிர்ந்து நின்றால் சுட்டவருக்கு மரியாதை, சாய்ந்தால் சிரிப்பு. சகலையின் கொண்டைகள் சாய்ந்ததாக வரலாறு இல்லை. பதினாறு வருடமாகச் சித்திரைக்குச் சித்திரை அவரிடமிருந்து ஒரு டப்பா வரும். நானும் கேகாலையில் நல்ல கடையாகப் பார்த்து லட்டும் மஸ்கட்டும் வாங்கி வைப்பேன். என் மனைவி கலா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, பரவாயில்லை என்று சொல்லி மூடி வைப்பாள். சகலையின் டப்பாவுக்கு மூடி தேவைப்பட்டதே இல்லை.

ஆவணியில் எங்கள் மகள் ரம்யாவுக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் ஹட்டன். பேசி முடித்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா என் தொழிலைக் கேட்கவில்லை, வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பொண்ணோட சித்தப்பா சுடுற பலகாரம் வருமுங்களா?" எங்கேயோ ஒரு புதுமனை புகுவிழாவில் சாப்பிட்டிருக்கிறார்.

ஆக, என் மகள் நிச்சயத்துக்கு நான் போய்ச் சகலையிடம் கேட்டு நிற்க வேண்டும். தப்பிக்க ஒரே வழி, அதற்குச் சமமான ஒன்றைக் கடையில் கண்டுபிடிப்பது. கலா எனக்கு ஒரு நாள் தந்தாள். கிடைத்தால் கடைப் பலகாரம். கிடைக்காவிட்டால் அப்படியே தோட்டத்துக்கு ஏறி, என் வாயாலேயே கேட்டுவிட்டு வர வேண்டும்.

காலை 5.40க்குக் கேகாலையில் அவிசாவளை பஸ். ஏறக்குறைய 45 கிலோமீட்டர், கட்டணம் 210 ரூபா. இரண்டு பக்கமும் இறப்பர் மரங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது, எனக்குக் கிடைக்கவில்லை. 7.30க்கு இறங்கி, இரத்தினபுரி பஸ்ஸில் ஏறி, 8.20க்கு எஹலியகொடயில் மீண்டும் இறங்கினேன் (80 ரூபா). பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் கொண்டைப் பலகாரம், ஒன்று 70 ரூபா. எடுத்த விரல்களை மூன்று தடவை கழுவ வேண்டியிருந்தது. பாணி என்று அவர்கள் சொன்னது வெறும் சீனிப்பாகு. அதே கடையில் அல்வா போன்ற தொதல் மட்டும் கறுப்பாக, பளபளவென்று, முந்திரிப்பருப்போடு அருமையாக இருந்தது. நூறு கிராம் 120 ரூபா. ஆனால் யாரும் என்னிடம் தொதல் கேட்கவில்லை.

9.50க்கு இரத்தினபுரி, 130 ரூபா. இந்த ஊரில் மாணிக்க வியாபாரிகள் தெருவோரம் நின்று எதையாவது வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் நான் ஒரு பலகாரத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. ஒருவர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். அவர் கணிப்பு சரி. கொண்டைக்குள் மாவு வேகவே இல்லை. 90 ரூபா. இன்னொரு கடையில் 80 ரூபாவுக்கு வாங்கியது நன்றாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் போதும். மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடிக்கொள்ளக்கூடியவராக எனக்குத் தெரியவில்லை.

பெல்மதுளையில் பஸ் நின்றபோது ஓர் அம்மா கூடையோடு ஏறினார். குரக்கன் (கேழ்வரகு) மாவும் தேங்காய்ப்பூவும் பாணியும் சேர்த்து இலையில் மடித்து அவித்த ஹலப, ஒன்று 60 ரூபா. இரண்டு வாங்கினேன். சூடு ஆறவில்லை, இலை மணம் மாவில் இறங்கியிருந்தது. அந்தக் கால் மணி நேரம் மட்டும் சகலையை மறந்திருந்தேன்.

நண்பகலில் பலாங்கொடை, 190 ரூபா. சந்தைக்குப் பக்கத்தில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் ஒரு கோப்பை 200 ரூபா. எக்காரணம் கொண்டும் தவற விடாதீர்கள். கடைக்காரரிடம் நல்ல கொண்டைப் பலகாரம் எங்கே கிடைக்கும் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் யோசிக்காமல் மலையைக் காட்டினார். அங்கே தோட்டத்தில் ஒரு தமிழ் மாத்தயா, அதாவது ஐயா, இருக்கிறார், கடைக்கெல்லாம் தரமாட்டார், தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்றார். நான் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

தோட்டம் வரை முச்சக்கர வண்டி. 11 கிலோமீட்டர், 1,600 ரூபா பேசினேன். ஓட்டியவர் அதே தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் குடியிருக்கும் தமிழர். வீட்டைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பலகாரத்துக்குங்களா போறீங்க?"

சொந்தக்காரன் என்றேன்.

"குடுத்து வச்சவரு," என்றார். "நாங்க கேட்டாதான் கெடைக்கும். நீங்க கேக்க வேண்டியதே இல்ல."

கேட்கத்தான் 11 கிலோமீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

குவார்ட்டர்ஸ் வாசலில் நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. சகலை ஒரு சொல் சொன்னதும் படுத்துக்கொண்டது. உள்ளே அடுப்பில் எண்ணெய் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. கலா காலையிலேயே போன் பண்ணியிருக்கிறாள், நான் வருவதை மட்டும் சொல்லி. பக்கத்து வீட்டு மல்காந்தி பின்வாசல்படியில் உட்கார்ந்து மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். சகலைக்கு இந்தப் பலகாரத்தைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

சகலை குச்சியை நிறுத்தித் திருகினார். மாவு அவர் சொன்னபடி கேட்டது, நாயைப் போலவே. கொண்டை எழும்பியது. விருந்தாளி என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அடடா, என்ன அழகா வருது" என்றேன்.

கொண்டை உட்கார்ந்தது. அடுத்ததையும் பாராட்டினேன், அது வெடித்து எண்ணெய் முழுக்கச் சிதறியது. மூன்றாவதைப் பார்த்து வாயைத் திறந்தபோது புஷ்பா குறுக்கே வந்து நின்றாள்.

"மச்சான், எண்ணெ சட்டிகிட்ட நின்னு நல்லாருக்குன்னு சொல்லக்கூடாது. சொன்னா கண்ணு பட்டுரும். இங்க நிக்கிறவுக கொறதான் சொல்லணும். முடியாட்டி வெளிய போய் உக்காந்துக்குங்க."

இது அந்த வீட்டுச் சட்டம். மல்காந்தி கொண்டுவந்தது. அவர் படியிலிருந்தபடியே சட்டியை எட்டிப் பார்த்து, இதைத் தின்றால் காக்கைக்கும் வயிறு வலிக்கும் என்று சிங்களத்தில் சொல்லி எனக்கு முன்மாதிரி காட்டினார். நான் வெளியே போகவில்லை. பதினாறு வருடம் காத்திருந்த அனுமதி வேறு யாருக்காவது இப்படிக் கிடைத்திருக்குமா?

முதலில் கூச்சமாக, "ஓரம் கருகுது" என்றேன். கொண்டை எழும்பியது. "நனஞ்ச தொப்பி மாதிரி இருக்கு" என்றேன். இன்னும் நன்றாக எழும்பியது. எண்ணெய் சரியான சூட்டுக்கு வந்ததுதான் காரணம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்போது ஆராய நேரமில்லை. இதை மாட்டுக்குப் போட்டால் மாடு நம் முகத்தைப் பார்க்காது என்றேன். மல்காந்தி இதைத் தனக்குச் சிங்களத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்.

"நிப்பாட்டாதீங்க சகல," என்றார் யோகராஜா. "மாவு கேக்குது."

பதினைந்தாவதுக்கு மேல் பலகாரத்தில் சொல்லக் குறை தீர்ந்துவிட்டது. சுடுகிறவர் பக்கம் திரும்பினேன்.

"மூஞ்சிய பாரு. பதினாறு வருஷமா டப்பா டப்பாவா அனுப்பி, எங்க வூட்டுல நான் வாங்கியார எதையும் யாரும் ஒழுங்கா திங்கல. இப்ப எம் புள்ள நிச்சயத்துக்கும் உங்க பலகாரம் வருமான்னுதான் கேக்குறாங்க. என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல."

புஷ்பா அடுப்பைப் பார்த்தாள். தமிழ் புரியாத மல்காந்திகூடக் கலக்குவதை நிறுத்திவிட்டார். சகலை குச்சியை விடவில்லை. மெதுவாகத் திருகிக்கொண்டே இருந்தார். அன்று சுட்டதிலேயே உயரமான கொண்டை அதில்தான் வந்தது. அதை எடுத்துத் தனியாக ஒரு தட்டில் வைத்தார்.

"நூத்தம்பது போதுமா சகல?" என்றார். "ஆனா நீங்க ரெண்டு நாளைக்கு முன்னமே வந்துரணும். இப்புடி மனசார திட்டுறதுக்கு இங்க ஆளில்ல."

தனியாக வைத்ததை என்னிடம் தந்தார். வெளிவாசலில் நின்று சாப்பிட்டேன். அங்கே பாராட்டத் தடையில்லை. ஓரம் மொறுமொறு, உள்ளே பஞ்சு, கடைசியில் பாணியின் லேசான கசப்பு. இதை என்னால் வாழ்நாளில் சுட முடியாது என்று தெரிந்துகொண்டே இன்னொன்று கேட்டு வாங்கினேன். நான் அங்கே வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பஸ்ஸுக்கு ஒரு வழிக்கு மொத்தம் 610 ரூபா, மேலே ஏற 1,600. தோட்டத்திலிருந்து கீழே வரக் கடைசி பஸ் நாலரைக்கு. நான் போன அன்று அது வரவில்லை, இரவு தங்கினேன். குடை வேண்டும், அட்டைக்கு உப்பும் வேண்டும். தொதலை எஹலியகொடயிலும், ஹலபவைப் பெல்மதுளையிலும், தயிரைப் பலாங்கொடையிலும் சாப்பிடுங்கள். கொண்டைப் பலகாரத்தைக் கடையில் வாங்காதீர்கள். வீட்டில் சுடுகிற ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டிக்குப் பக்கத்தில் நல்ல வார்த்தை வேண்டாம்.

ஆவணியில் சொன்னபடி இரண்டு நாள் முன்னதாகப் போனேன். நூற்றைம்பதையும் ஒன்று விடாமல் திட்டினேன். நூற்றைம்பதும் நிமிர்ந்து நின்றன. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா சகலையைத் தேடிப் போய் அரை மணி நேரம் புகழ்ந்தார். பிறகு பந்தியில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, எப்படி இருக்கிறது சம்பந்தி என்று கேட்டார்.

"கொண்ட கொஞ்சம் சாஞ்சிருக்குங்க," என்றேன், பழக்க தோஷத்தில்.

சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலா தலையில் கை வைத்தாள். எனக்குப் பொறாமை என்று அந்த மண்டபமே முடிவு செய்தது. அதில் தவறும் இல்லை. அரை மணி நேரப் புகழ்ச்சியில் விறைத்து நின்ற சகலை மட்டும் அப்போதுதான் தோளை இறக்கி, நிம்மதியாக மூச்சு விட்டார். பரிமாறியவரிடம் பலகார வாளியை வாங்கிக்கொண்டு வந்து, இருந்ததிலேயே உயரமான கொண்டையாகப் பார்த்து என் இலையில் வைத்தார்.