கை வைக்க இரண்டு பைகள்

தையல்கார அக்காவின் மேலங்கியில் இரண்டு பைகள் உண்டு. அவரே தைத்துக்கொண்டவை. "துணி வெட்டுறவங்களுக்குப் பை எதுக்கு?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "சனிக்கிழமைக்கு" என்பார்.

சனிக்கிழமைகளில் எங்கள் இளைஞர் மன்றத்துக்கு வருவார். பதின்வயதுப் பிள்ளைகள் நாடகம் போடும் இடம் அது. எழுதுவது, நடிப்பது, திரை தைப்பது எல்லாம் அவர்களே. பெரியவர்கள் கூட இருக்கலாம், கேட்டால் சொல்லலாம், கை மட்டும் வைக்கக் கூடாது. வைத்தால் கூடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். மன்றத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் போட்ட விதி இது.

"படிச்ச தம்பி, துடைப்பத்துக்கு ஆள் பிடிக்கத்தானே இந்தச் சட்டம்?" என்றார் அக்கா. முதல் மாதம் முழுக்கப் பெருக்கியவர் அவர்தான். பிறகுதான் பை தைத்தார்.

அவர் இவ்வளவு தூரம் அடங்கியதற்குக் காரணம் அவருடைய தங்கை மகள். எதையும் பாதியில் விடுகிறவள் என்று வீட்டில் அவளுக்குப் பெயர். நான் சேருவதற்கு முந்தைய வருடம் அவள் தைத்த ராஜா உடை கோணிக்கொண்டு நின்றது. அக்கா அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புதிதாகவே தைத்து வந்தார். நல்ல கைதட்டல். மறுவாரம் அவள் வரவில்லை. "அதான் நீங்களே தைச்சிட்டீங்களே பெரியம்மா, நான் எதுக்கு?" என்றாளாம்.

இந்த வருடம் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தோம். "இந்த ஒரு நாடகம் மட்டும்" என்று சொல்லித்தான் வந்தாள். திரை அவள் பொறுப்பு.

நாடகத்தன்று அக்கா என் காதருகே வந்தார்.

"தம்பி, திரை பாதியில மாட்டிக்கும். கயிறு பத்தாம ரெண்டை முடிச்சுப் போட்டிருக்கா. கயிறு போற மடிப்பை ஒடுக்கமாத் தைச்சிருக்கா. முடிச்சு அதுல நுழையாது."

"கேட்டாளா?"

"கேக்கலையே."

"அப்ப கை பையிலயே இருக்கட்டும்."

"நல்லா இருங்க" என்று அக்கா இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டார்.

திரை மாட்டிக்கொண்டது. ராஜா தெரிந்தார், மந்திரி திரைக்குப் பின்னால். "மந்திரி லீவா?" என்று யாரோ கேட்க, கூடமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவள் அம்மா, "திரையைக்கூடப் பாதியிலதான் விட்டிருக்கா" என்றார்.

அவள் மேடைக்கு வந்து பெரியம்மாவைப் பார்த்தாள். அக்கா அசையவில்லை. மேலங்கிப் பை மட்டும் 'டர்'ரென்று கிழிந்தது. அவள் ஸ்டூல் போட்டு ஏறி, கயிற்றையே அவிழ்த்துவிட்டாள். திரை மந்திரி தலையில் விழுந்தது. அதைச் சுருட்டி மந்திரி கையில் கொடுத்து, "ம், ஆரம்பிங்க" என்றாள்.

முடிவில் மூடத் திரை இல்லை. அவளே முன்னால் வந்து, "திரை இல்ல. நீங்களே கண்ணை மூடிக்குங்க" என்றாள். எல்லோரும் மூடிக்கொண்டார்கள், அவள் அம்மா உட்பட.

அடுத்த சனிக்கிழமை அக்கா வழக்கத்தைவிட முன்னதாக வந்து, வாசலைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அவள் திரையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, மடிப்பு எவ்வளவு வைக்கணும்?"

"முடிச்சை அளந்து பாரு."

அவள் பழைய தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த பையைத் தைத்தார்.