இரண்டே முக்கால் அங்குலம்

மார்ச் மாதத்துப் பிற்பகலில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரை, யாரோ விரல் சொடுக்குவதுபோல, ஒவ்வொரு தகடாகச் சத்தமிடும். முதலில் எங்கள் வீட்டுக்கு மேல், பிறகு பக்கத்து வீட்டுக்கு மேல், அப்படியே வரிசையின் கடைசி வீடு வரை அந்தச் சத்தம் நடந்து போகும். உள்ளே படுத்தால் துருவின் வாடை மூக்கில் ஏறும். சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு சூட்டோடு முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். நீலகிரியில் கோடையா என்று என்னிடம் வியப்பவர்கள் பெரும்பாலும் ஊட்டியில் இரண்டு நாள் அறை எடுத்துத் தங்கி, ஏரியில் படகோட்டி, வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கியவர்கள். மலை கேரளத்தை நோக்கிச் சரிகிற பந்தலூர்ப் பக்கத்துக்கு அவர்கள் வந்ததில்லை. ஆறு மாதம் ஊறிக் கிடக்கும் அந்த மண், அடுத்த சில மாதங்களில் செங்கல்லாகிவிடும் என்பதை அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு இப்போது பொறுமையில்லை. விளக்குவதற்கு ஒரு காலத்தில் அங்கே ஆள் இருந்தார். அவர் என் அப்பா.

நாங்கள் இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, பந்தலூருக்கு அருகே ஒரு தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று. தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது இன்று அந்தப் பெயரில் இல்லை. அக்கரையில் அப்பா தோட்ட ஆபீஸில் எடுபிடி வேலை பார்த்தவர். காலை எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்து, அளவுக் கண்ணாடியில் தண்ணீரை ஊற்றி, எண்ணைத் துரையிடம் சொல்வது அவர் பொறுப்பு. துரை என்றால் தோட்டத்தின் மேலாளர். கிளம்பும்போது அந்தத் துரை அப்பாவுக்குக் கொடுத்த அன்பளிப்புகள் இரண்டு: உபரியாகக் கிடந்த ஓர் அளவுக் கண்ணாடி, தான் குளிக்கும் வெந்நீரைப் பார்க்க வைத்திருந்த மரச்சட்ட வெப்பமானி. இருபத்தைந்து வருட உழைப்புக்கு இவை போதும் என்று துரை நினைத்தார். அதிகம் என்று அப்பா நினைத்தார்.

இந்தியாவில் அவருக்குக் கிடைத்தது மம்பட்டி வேலை. ஆனாலும் வானத்தை விடவில்லை. பந்தலூர்க் கடைவீதியில் தகர வேலை செய்யும் மலையாளி ஒருவரிடம் போய், எண்ணெய் டின்னை வெட்டி ஒரு புனல் செய்யச் சொன்னார். "வாய் எத்தர வலுப்பம் வேணும்?" என்று அவர் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "நல்லா பெருசாவே போடுங்க பாய், ஒரு சொட்டும் வெளிய போவக் கூடாது." அளவு சொல்வது கண்ணாடியின் வேலை, பிடிப்பது மட்டுமே புனலின் வேலை என்பது அவர் தீர்மானம். லயத்துக்கு முன்னால் திறந்த வெளியில், நான்கு முளைக்குச்சிக்கு நடுவே ஒரு டப்பாவும் அதன்மேல் அந்தப் புனலும் உட்கார்ந்தன. துரையின் குளியல் வெப்பமானி வடக்குப் பக்கத்துக் கூரை இறவாணத்தில் தொங்கியது. நீண்ட நோட்டில் கோடு போட்டு, காலையும் பிற்பகலும் எழுதினார். வயநாட்டுப் பக்கத்திலிருந்து காற்று வந்தால் ஒரு குறி, காட்டுத்தீயின் புகை தெரிந்தால் ஒரு குறி.

லயம் முழுக்க இதற்குச் சிரித்தது. அதிகம் சிரித்தவர் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை. உறவு எதுவும் கிடையாது. ஒரே கப்பலில் வந்தவர்கள், அவ்வளவுதான். கணவர் முகாமிலேயே காய்ச்சலில் இறந்துவிட, இரண்டு சிறு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவர்.

"அண்ணே, இன்னைக்கு வானத்துக்கு எத்தனை டிகிரி காச்சல்? கசாயம் வெக்கவா?" என்று தினமும் வேலை முடிந்து வரும்போது கேட்பார்.

"சிரி தங்கச்சி, சிரி. ஒரு நாளைக்கு எவனாவது வந்து அந்த வருசம் வெயில் எவ்வளவுன்னு கேப்பான். அப்ப என் புஸ்தகந்தான் பேசும்."

அதுவும் நடந்தது.

நாங்கள் வந்த நான்காம் வருடத்துக் கோடை பொங்கல் முடிந்த கையோடு தொடங்கியது. ஓடை பிப்ரவரியிலேயே கற்களுக்கிடையே ஒளிந்துகொண்டது. தேயிலையின் இளம் இலைகள் ஓரம் சுருண்டு, கசக்கினால் பொடியாகும் அளவுக்கு வந்தன. மார்ச்சில் ஒரு பிற்பகல் வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் தொண்ணூற்று மூன்றைத் தொட்டபோது அப்பா அதைக் கழற்றி உதறி மறுபடி மாட்டிப் பார்த்தார். மறுபடியும் அதே தொண்ணூற்று மூன்று. ஆள் சாகக் கிடக்கும் வீட்டில் மருத்துவருக்கு வரும் பரபரப்பு அவர் முகத்தில் இருந்தது. வேறு எதற்கும் அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் திடீரென்று இருட்டி, ஆலங்கட்டி கொட்டியது. அரை மணி நேரம்தான். அப்பா தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். மறுநாள் காலை, அரை அங்குலம் கொள்ளும் அந்தக் கண்ணாடியில் நான்கு முறை ஊற்றி அளந்து, இரண்டு அங்குலம் என்று அறிவித்தார். பாக்கியம் அத்தை காலால் மண்ணைக் கிளறினார். விரற்கடை ஆழத்துக்குக் கீழே புழுதி பறந்தது.

"ரெண்டு இஞ்சு மழ பேஞ்ச மண்ணா அண்ணே இது?"

"மண்ணு பொய் சொல்லும் தங்கச்சி. கிளாசு சொல்லாது."

அதற்குப் பிறகு வந்த இரண்டு சிறு தூறல்களையும் சேர்த்து, ஏப்ரல் நடுவரை அவர் நோட்டில் ஏறிய மழை இரண்டே முக்கால் அங்குலம்.

அந்த வருடம் மேல்மலைச் சரிவில் புதுத் தேயிலைக் கன்று நட்டிருந்தார்கள். ஒரு பகுதிக் கன்றுகளுக்கு வேரடி காயாமல் புல் மூட்டம் போடுவதும், ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவதும் பாக்கியம் அத்தையின் வேலை. ஓடை வற்றியபின் அவர் கீழே சதுப்பு வரை இறங்கி, ஒரு நாளைக்கு எத்தனை நடை முடியுமோ அத்தனை நடை சுமந்தார். பாதிக்கு மேல் கன்றுகள் கருகின. தோட்ட முதலாளிகள் பார்வையிட வரும் நேரம்; கருகியதற்கு வெயில் காரணம் என்று எழுதினால், வெயிலில் நடச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். ஆகவே அத்தைக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது: கவனக்குறைவால் கன்றுகளைச் சாகவிட்டது. நிரூபணமானால் 'பேர் வெட்டு', அதாவது வேலை நீக்கம். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

விசாரணைக்குச் சாட்சி உண்டா என்று கேட்டபோது அத்தைக்குத் தோன்றிய ஒரே பெயர் அப்பாவுடையது. "அண்ணே, ஒங்க புஸ்தகத்தைக் கொண்டாந்து காட்டுங்க. எம்புட்டு வெயிலுன்னு அவுங்களே பாக்கட்டும்" என்றார். அப்பா அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பள்ளி விடுமுறை என்பதால் நோட்டைச் சுமந்துகொண்டு நானும் போனேன். ஆபீஸ் வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

விசாரித்தவர் குன்னூரிலிருந்து வரவழைக்கப்பட்ட வக்கீல். கத்தவில்லை, மிரட்டவில்லை. பக்கங்களை மரியாதையாகப் புரட்டினார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கறீங்க" என்று பாராட்டக்கூடச் செய்தார். அப்பா தொண்ணூற்று மூன்று இருந்த பக்கத்தை விரலால் காட்டினார். வக்கீலின் விரல் பக்கத்து வரிசைக்கு நகர்ந்தது.

"இது என்னங்க?"

"மழைங்க ஐயா."

"ரெண்டு அங்குலம். அப்பறம் அரை. அப்பறம் கால். ஆக ரெண்டே முக்கால் அங்குலம் பேஞ்சிருக்குதுங்க. ஏம்மா, இது உங்க சாட்சி கொண்டாந்த புத்தகந்தானுங்களே?"

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா நோட்டைப் பார்த்தார்.

"மழை இருந்தும் கன்னு கருகியிருக்குதுன்னா, மூட்டம் போடலீன்னுதானுங்களே அர்த்தம்?"

தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு மழைமானி உண்டு. அதன் குடுவை முந்தின மழைக்காலத்தில் உடைந்து, புதியது கேட்டு எழுதிய கடிதம் மேலிடத்தில் பரிசீலனையில் இருந்தது. ஆகவே அந்தப் பகுதியில் அந்தக் கோடைக்கு இருந்த ஒரே ஆவணம் அப்பாவுடையது. அவர் ஆசைப்பட்டபடியே அது பேசியது.

குற்றம் நிரூபணம் என்று முடிவு வந்தது. வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம். அத்தை போன அன்று இரண்டு மூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பிள்ளைகள். அப்பா பெட்டியைத் தூக்கப் போனார். அத்தை விடவில்லை. கோபத்தில் கையைத் தட்டிவிட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்; மெதுவாக வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, எப்போதும் கேலி செய்யும் அதே குரலில் சொன்னார்:

"ஒங்க மழ எல்லாருக்கும் பேஞ்சிருக்கு அண்ணே. என் பாத்திக்கு மட்டுந்தான் பேயல."

ஜூனில் பள்ளி திறந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. அறிவியல் பாடத்தில் மழைமானியின் படம் வந்தது. புனலின் வாயும் அளவுக் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. வீட்டுக்கு வந்து கண்ணாடியின் அடியைத் துடைத்துப் பார்த்தேன். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும். எனக்கு எழுத்தும் தெரிய ஆரம்பித்திருந்தது. ஐந்து அங்குல மானிக்கு உரியது என்று பொடி எழுத்தில் செதுக்கியிருந்தார்கள். பள்ளி ஸ்கேலால் புனலின் வாயை அளந்தேன். எட்டு. சிலேட்டில் பரப்பளவு போட்டேன்: அப்பாவின் மழை உண்மை மழையைப் போல இரண்டரை மடங்கு. இரண்டே முக்கால் அங்குலம் என்பது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். அதுவும் காய்ந்த மண்ணில், பல நாள் இடைவெளியில்.

கணக்கைச் சரியாகப் போட்ட பெருமையில் அதை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். பன்னிரண்டு வயதில் எனக்கு முதலில் வந்தது பெருமைதான்.

அப்பா ஸ்கேலை வாங்கி, தானே மூன்று முறை அளந்தார். மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்காமல் மறுபடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். சிலேட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தலைமை எழுத்தர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், கெட்டவர் அல்லர். சிலேட்டையும் பார்த்தார்.

"ஏனுங்க முத்தையா, அது பைசலான கேஸுங்க. அந்தம்மா லேபர் ஆபீசுல எழுதிக் குடுத்தாத்தான் மறுபடி எடுக்க முடியுமுங்க. சாட்சி வந்து அப்பீல் பண்ண முடியாதுங்க."

"அந்தப் புள்ள எங்க போச்சுன்னே தெரியலீங்க ஐயா."

"அப்பறம் நானென்னங்க பண்றது?"

அப்பா சிலேட்டைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப தப்பா சாட்சி சொன்னது நான். என் பேர வெட்டுங்க."

"அதுக்கு உங்க மேல ஒரு புகார் வரோணுமுங்களே. யாரு குடுத்திருக்கறாங்க? நீங்க மழையில நனையாம ஊட்டுக்குப் போங்க."

பிறகு இரண்டு மாதம், விடுமுறை நாளெல்லாம் அப்பா பேருந்தேறித் தேடினார். கூடலூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். குடகில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய லாரியில் போனதாக இன்னொருவர். பிள்ளைகளோடு கோயமுத்தூர்ப் பக்கம் இறங்கிவிட்டதாக வேறொருவர். அத்தையின் வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டிருந்தது. அப்பா நோட்டை நிறுத்திவிட்டார். அதன்பின் அவர் வாழ்ந்த காலம் முழுவதும், இன்று வெயில் எப்படி என்று யாராவது வழக்கம்போலக் கேட்டால், "தெரியலீங்க" என்பார். தலைக்கு மேலே எரிந்துகொண்டிருக்கும்போதும் அப்படித்தான் சொன்னார்.

நான் படித்தேன், அரசுப் பணிக்குப் போனேன். அந்தப் பணியில் பாதிக் காலம் மற்றவர்கள் மீதான விசாரணைகளை நடத்தியவள். ஆகவே இன்று என்னால் அந்த விசாரணையின் பிழைகளை விரல் விட்டுச் சொல்ல முடியும். ஆவணத்தின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரப்படவில்லை. கருவி சோதிக்கப்படவில்லை. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. நிர்வாகமே நியமித்தவர் நிர்வாகத்துக்காகக் கேள்வியும் கேட்டு முடிவும் எழுதினார். ஒரு பக்க மேல்முறையீட்டில் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். அரை மணி நேர வேலை. இந்த அறிவு முழுமையாக எனக்கு வந்து சேர்ந்தபோது மேல்முறையீட்டுக் காலக்கெடு முடிந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

இப்போது அந்தச் சரிவில் தேயிலையே இல்லை. தோட்டம் கைமாறி, துண்டாகி, அத்தை நீர் சுமந்த பாதை ஒரு விடுதியின் கார் நிறுத்தத்தில் முடிகிறது. விசாரணைக் கோப்பைத் தேடினேன். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது. அழித்தது விதிப்படி சரி.

விதிப்படி செய்யக் கூடாத ஒன்றை என் பணிக்காலத்தில் நான் ஒருமுறை செய்தேன். தாயகம் திரும்பியோர் மறுவாழ்வுப் பிரிவில் இருந்தபோது, பதிவேடுகளில் பாக்கியம் என்ற பெயருள்ள, வயது ஒத்துவருகிற ஒன்பது பெண்களுக்கு அலுவலக முத்திரையோடு கடிதம் அனுப்பினேன். பந்தலூர்ப் பக்கத்தில் கன்று கருகியதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர் நீங்களா, அப்படியானால் பதில் எழுதுங்கள் என்று. அப்பா அப்போது உயிரோடு இல்லை. ஆறு கடிதம் ஆள் இல்லை என்று திரும்பின. இரண்டுக்குப் பதிலே இல்லை. ஒன்றுக்கு மட்டும், யாரோ பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதிய ஓர் அஞ்சலட்டை வந்தது.

"அம்மா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்ட பாக்கியம் நான் இல்லை. நான் இருந்தது வேறு தோட்டம். ஆனால் எங்களையும் அப்படித்தான் அனுப்பினார்கள். எங்களுக்கு ஏதாவது உண்டா?"

அந்த அட்டையை அலுவலகத் தபால் வரவுப் பதிவேட்டில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால், உண்டு அல்லது இல்லை என்று பதினைந்து நாளுக்குள் பதில் அனுப்பியிருக்க வேண்டும்.