உருமாலுக்கு அடுத்த கட்டம்

காரைக்குடியில் தமிழ் முதுகலை படித்தபோது அமைப்பியல் என் தலையில் பேயாக ஏறியிருந்தது. கதையில் ஆள் முக்கியமில்லை, ஆள் செய்யும் காரியம்தான் முக்கியம், அந்தக் காரியங்களும் ஒரே வரிசையில்தான் வரும் என்று டீக்கடையில்கூட அளந்துகொண்டிருப்பேன். சிங்கம்புணரிப் பக்கம் வெட்டுப்பழிக் கதைகள் பதினொன்றைக் கேட்டுப் பதிவு செய்தேன். அவற்றைக் கட்டம் கட்டமாக ஒரு சார்ட்டில் பிரித்து விடுதி அறைச் சுவரில் ஒட்டினேன். தகராறு, வெட்டு, பதினாறாம் நாள் காரியம். பிறகு, குடும்பப் பொறுப்பு இனி இவனுக்கென்று தாய்மாமன் வந்து, செத்தவரின் மகன் தலையில் உருமால் துணியைக் கட்டுவது. கடைசிக் கட்டத்தில் மகன் அரிவாள் எடுப்பான். பதினொன்றிலும் அப்படியே! அறைத்தோழனைப் பிடித்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன்.

ஐப்பசியில் மடைத்தண்ணீர்ச் சண்டையில் அந்த அறைத்தோழனுடைய அப்பாவை வெட்டிவிட்டார்கள். அவனோடு ஊருக்கு ஓடிப்போய், வரப்பில் கிடந்த உடலை நான் பார்த்தேன். கழுத்தில் இரண்டு வெட்டு. மண்வெட்டிப் பிடியை விரல்கள் இன்னும் விடவில்லை. வெட்டியவன் சரணடைந்துவிட்டான்.

பதினாறாம் நாள் போனபோது, கொல்லையில் தாய்மாமன் அவனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணன்காரன் ஜெயிலுக்குப் போயிட்டா என்ன, தம்பிக்காரன் வெளிய திரியுறான்ல? எவனா இருந்தா என்ன மாப்ள?"

ஆள் முக்கியமில்லை என்ற என் வாக்கியம்தான், அவர் வாயில். தோழனைத் தனியே இழுத்தேன்.

"டேய், அது கதைடா."

"பதினொண்ணும் நடந்த கதைன்னு நீதானே சொன்ன? இன்னைக்கு உருமால் கட்டுறாக. அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் கண்ணில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாமன் துணியை விரித்ததும் நான் குறுக்கே பாய்ந்தேன். "கட்டாதீங்க!" பொடனியில் ஒரு அறை, முகத்தில் ஒரு குத்து. வாயெல்லாம் ரத்தம். "படிச்ச திமிரா? இவனை அங்குட்டு இழுத்துப் போடுங்கடா!"

அப்போது அவன் அம்மா எழுந்து வந்தார். உருமாலைப் பிடுங்கிச் சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பில் திணித்தார்.

"அண்ணே, எம்புருசனைக் குடுத்துட்டேன். இவனையும் கேக்குறீகளா?"

என் சார்ட்டில் தாய்க்குக் கட்டமே கிடையாது. அழுகை கதையை நகர்த்தாது என்று விட்டிருந்தேன்.

மாமன் அம்மாவின் தலைமுடியைப் பற்றி அறைந்தார். உதடு கிழிந்தது. மறுநொடி தோழன் மாமன் மேல் விழுந்து குரல்வளையை நெரித்தான். நாலு பேர் இழுத்தும் கை விடவில்லை. மாமன் விழி பிதுங்கியது. அம்மாதான் குனிந்து, மகனின் மணிக்கட்டை எலும்பு தட்டும்வரை கடித்தார். பிடி விட்டது.

"கூட்டிட்டுப் போ," என்றார் என்னிடம், வாயைத் துடைக்காமல். "வழக்கு முடியுற வரைக்கும் இங்குட்டு வரக் கூடாது."

"பொட்டப் பயலே, ஓடுடா!" என்று பங்காளிகள் பஸ் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார்கள். ஒரு கல் ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது.

"இறக்கி விடு. அம்மாவை அடிச்சவனை வெட்டிட்டு வாரேன்," என்று பஸ்ஸுக்குள் தோழன் திமிறினான். இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். முழங்கையால் என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தான். திருப்பத்தூர் தாண்டியதும் இடி நின்றது. குலுங்கிக் குலுங்கி அழுதான்.

காரைக்குடியில் எல்லாரும் இறங்கிய பிறகும் நான் விடவில்லை.

"விடுடா," என்றான். "அம்மா கடிச்ச கை வலிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."