தண்ணீர் விடாமல் பூத்த போகன்விலா

யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு விருந்தினர் விடுதியில் பதினொரு வருடமாகத் தோட்ட வேலை செய்கிறேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் மரஞ்செடி விசயத்தில் எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. சித்திரை வெயில்

வாசலில் நான் நட்ட போகன்விலா இரண்டு வருடமாகியும் பூக்கவில்லை. இலை மட்டும் கரும்பச்சையாக அடைத்து நின்றது. நான் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். வெயில் ஏற ஏறத் தண்ணீரைக் கூட்டவேண்டும், அதுதான் என் படிப்பு. காலையில் நாலு வாளி, பின்னேரம் நாலு வாளி, கிழமைக்கு ஒருதரம் யூரியா. வைகாசி பிறந்தும் மொட்டில்லை. எங்கே பிழை என்று தெரியவில்லை.

ஆனியில் முதலாளி கனடாவிலிருந்து வருகிறார், அதற்குள் பூக்காவிட்டால் செடியைக் கிளப்பிவிட்டுக் கல் பதிக்கப்போவதாக மனேஜர் சொன்னார்.

“நான் வைச்சு ஒரு செடியும் பூக்காமல் விட்டதில்லை தம்பி. கொஞ்சம் பொறும்,” என்றேன்.

அன்றிலிருந்து வேளைக்கு ஆறு வாளியாக்கினேன்.

2. துடக்கு

அந்தக் கிழமையே என் அண்ணை காலமானார். விடுதியின் சாமி அறைக்குப் பூப் போகும் தோட்டம் அது. சாவுத் தீட்டான துடக்கோடு கை வைக்க முடியாது. போகன்விலாவை மறக்கவேண்டாம் என்று மனேஜருக்குப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பிவிட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டிலிருந்தேன். அண்ணையை நினைத்து அழும்போது நடுவில் அந்தச் செடியும் வந்து நிற்கும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

3. திரும்பிப் போன நாள்

கேற்றடியில் நின்றுவிட்டேன். இலையே தெரியாமல் செடி முழுக்க ஊதாச் சிவப்பு. வேறு செடி கொண்டுவந்து நட்டுவிட்டார்களோ என்று அடித்தண்டைத் தடவினேன். என் கத்தி வெட்டிய தழும்பு இருந்தது.

ஆர் தண்ணீர் விட்டது என்று மனேஜரைக் கேட்டேன்.

“ஒருத்தரும் விடேல்லை அம்மா. தோட்டத்துக் கிணத்து மோட்டர் எரிஞ்சு போச்சு. சொன்னா ஏசுவியள் எண்டு சொல்லேல்லை.” பிறகு சிரித்தார். “நீங்கள் நிண்டிருந்தா உது இன்னும் இலைதான்.”

பக்கத்திலேயே இரண்டு செவ்வரத்தை, செம்பருத்திச் செடிகள், அதே தண்ணீரில்லாமையால் பட்டுப்போய் நின்றன. ஒன்றைக் கொன்றது மற்றதை எப்படிப் பூக்கவைத்தது?

முதலாளி வந்து படம் எடுத்தார். “உங்கடை கைராசி, அம்மா,” என்றார்.

ஓம் என்றேன். மனேஜர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தச் சித்திரையில் போகன்விலாவின் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். நன்றாகக் காய்ந்து, இலையும் சோர்ந்தால் மட்டும் ஒரு வாளி. யூரியாவை நிறுத்திவிட்டேன். செவ்வரத்தைக்கு ஒருநாளும் தவறவிடுவதில்லை. ஒரு செடியிடம் படித்ததை மற்றதிடம் கொண்டுபோகாதீர்கள். ஏன் அப்படி என்று மட்டும் என்னிடம் கேட்கவேண்டாம். வெயிலில் அது வாடாமல் பூத்து நிற்க, நிறைந்த வாளியோடு அதைக் கடந்து போக எனக்கு இன்னும் கால் வருவதில்லை.