திருப்பிக் கொடுத்த சிமிழ்

டில்லி தர்பார் நடந்த மறு வருஷம். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலக்குவதோடு, வார்டில் சேருகிறவர்களின் சாமான்களை மூட்டை கட்டி வைத்து, போகும்போது திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் நோயாளிகளின் துண்டு, செருப்பெல்லாம் காணாமல் போகுமாம். நான் வந்த பிறகு ஒரு வெற்றிலைக் காம்புகூடக் குறைந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

சீவலப்பேரி வண்டிக்காரர் ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்து சேர்த்தாள். வயிற்றுவலிக்கென்று தின்ன ஆரம்பித்த அபினி, வண்டியையும் மாட்டையும் விற்க வைத்திருந்தது. முதல் பத்து நாள் அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வாந்தி, பேதி, நடுக்கம். அழுதார், ஏசினார், என் காலைப் பிடித்தார். கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் போட்டோம். இரண்டு மாதத்தில் ஆள் தேறி, மற்ற நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமையே காய்ச்சல்காரர்கள் இருவர் வந்துவிட்டார்கள், படுக்கை இல்லை. இவருக்குத்தான் குணமாகிவிட்டதே, இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னது நான்தான்.

மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். வேட்டி, துண்டு, சாட்டைக் கம்பு, கடைசியில் ஒரு பித்தளைச் சிமிழ். உள்ளே பாதி அபினி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது மட்டும் இங்கனயே கிடக்கட்டுமே."

"அடுத்தவன் பொருளை நான் வச்சுக்கிட மாட்டேன்வே. உம்ம சாமான், நீரே கொண்டு போவும். வேண்டாம்னா போற வழியில ஆத்துல வீசும்."

அவர் சிமிழை மடியில் செருகிக்கொண்டு பைய நடந்து போனார்.

ஞாயிறு காலை மனைவி வந்தாள். அறுவடை வேலைக்கு முக்கூடல் பக்கம் போயிருந்தவள், அங்கிருந்து நேரே வந்திருந்தாள். "அவர் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போயாச்சு தாயி" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"தனியாவா விட்டிய? வீட்டுல யாரும் இல்லையே அண்ணாச்சி. அந்தச் சிமிழு எங்க?"

அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன் என்றேன். இரண்டு மாதம் அபினி படாத உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பது மருந்து கலக்குகிற எனக்குத் தெரியாதா? தெரியும். அவரிடம் அதைச் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வண்டி பிடித்து அவளோடு போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளியதுமே நாற்றம் அடித்தது. பாயில் ஒருக்களித்துக் கிடந்தார், பக்கத்தில் சிமிழ் திறந்தபடி. அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை, பானையில் ஒரு மணி அரிசி கிடையாது. பசியா, பழைய வயிற்றுவலியா, யார் கண்டது?

அவள் என்னை ஏசியிருந்தால்கூடத் தேவலை. "ரெண்டு நாளு வச்சிருக்கப்படாதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அதன் பிறகு அபினிக்காரர் யாரையும் வீட்டு ஆள் கையில் ஒப்படைக்காமல் நான் அனுப்பியதில்லை. பழைய அளவு இனி விஷம் என்று இருவரையும் உட்காரவைத்துச் சொல்வேன். சிமிழில் இருக்கிற அபினி வந்த அன்றைக்கே அடுப்பில் போய்விடும். இவனால் படுக்கை அடைபடுகிறது என்று கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். கையில் இருந்தால் தன்னால் தின்னாமல் இருக்க முடியாது என்று தெரிந்து ஒரு மனிதர் என்னிடம் விட்டுப்போக நினைத்த ஒரே பொருளை, நான் அவர் மடியிலேயே கொடுத்தனுப்பினேன். அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்திருந்தேன்.