பாக்குவெட்டி பிடித்த கை

என்னால் ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாது. பிறவிக் குணம். "கால்ல வண்டிச் சில்லா பூட்டியிருக்கு?" என்று கேட்டுக் கேட்டே உம்மா அலுத்துப்போனார். அப்படிப்பட்டவளை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குள் நாற்பது நாளுக்கு அடைத்துப் போட்டார்கள். தலைப்பிள்ளை பெற்றிருந்தேன். போதாக்குறைக்கு வலது மணிக்கட்டும் முறிந்திருந்தது.

முறிந்தது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே. வீட்டில் தூக்க ஆள் இருந்தும், ஒரு வாளித் தண்ணீரை நானே தூக்கிக்கொண்டு போய் ஈரப் படியில் சறுக்கினேன். வயிற்றைக் காப்பாற்றக் கையை ஊன்றினேன். வயிறு தப்பியது, கை போனது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள். அந்தக் கட்டோடேதான் மகளைப் பெற்றேன்.

பெற்றவள் நான். தூக்குவது, குளிப்பாட்டுவது, தோளில் போட்டுத் தட்டுவது எல்லாம் உம்மா. பால் கொடுக்கும்போதுகூட உம்மாதான் பிள்ளையைக் கொண்டுவந்து என் இடது கைப்பக்கம் கிடத்துவார். குடித்து முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுவார். என் பிள்ளையை எனக்கு இரவல் கொடுப்பதுபோல இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் இரண்டு கையாலும் அவளை ஏந்த வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அந்த நாட்களில் கிடந்து தவித்தேன்.

பிள்ளைக்கு என் ராத்தாவின் பெயரை வைத்தோம். எனக்கு ஒரே அக்கா அவள். மவுத்தாகி மண்ணுக்குள் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பெயர் வைக்கும்போது உம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வாயால் அந்தப் பெயர் வரவே இல்லை. "புள்ள அழுவுது, புள்ளைக்குப் பசிக்குது" என்பார், அவ்வளவுதான்.

பிளாஸ்டரை வெட்ட, உதவி டாக்டரான அப்போதிக்கரி வீட்டுக்கே வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். உள்ளேயிருந்து வெளிவந்த கையைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. தோல் செதில் செதிலாக உரிந்தது; மணிக்கட்டு விறைத்துக் கிடந்தது. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார். அது பாதியில் நின்றுவிட்டது, யாருக்கோ கைகொடுக்க நீட்டிய மாதிரி. அந்தக் கையால் சோறு அள்ளினால் வாய்க்கு வராது, காதுக்குத்தான் போகும்.

"இப்பவே துவங்கோணும் பிள்ளை," என்றார் அவர். "ஆஸ்பத்திரியில கைக்குப் பயிற்சி குடுக்கிற மிஸ்ஸி ஒராள் இருக்கிறா. அவவிட்டப் போங்கோ. பிந்தினால் கை இப்பிடியே இறுகிப்போடும்."

அவர் படியிறங்கியதும் உம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "நாப்பது கழியட்டும்."

"அதுவரைக்கும் கை காத்துக்கொண்டு ஈக்குமா உம்மா?"

"கை ஈக்கிற எடத்துலதான் ஈக்கிது. எங்கயும் ஓடாது."

கத்தினேன். தலையணையைத் தூக்கி எறிந்தேன், அதுவும் இடது கையால், அது சுவருக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. உம்மா அசையவில்லை. "ஒன்ட ராத்தா போனாளே, அது போதாதா எனக்கு?" என்றார். ராத்தா பிள்ளை பெற்று நாற்பது கழியுமுன் நாவலப்பிட்டிக்கு ரயிலேறி ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவள். காய்ச்சலோடு திரும்பி வந்தாள், எழும்பவே இல்லை. கல்யாணத்துக்குப் போனதால்தான் காய்ச்சல் வந்ததா, எனக்குத் தெரியாது. உம்மாவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவரோடு என்னத்தைப் பேச?

மிச்சமிருந்தது என் மாப்பிள்ளை. டவுனில் புடவைக் கடை வைத்திருந்த சாதுவான மனிதர். கல்யாணம் முடித்து எங்கள் வீட்டோடு வந்திருந்ததால் மாமியாருக்கு எதிரே மூச்சு விடமாட்டார்.

"மிஸ்ஸிக்கிட்ட நீங்க போங்க," என்றேன்.

"என்ட கைக்கு ஒண்டுமில்லையே!"

"உங்கட கையில படிச்சிக்கொண்டு வந்து எனக்குக் காட்டித் தாங்க."

பாவம், போனார். அந்தச் சிங்களத்து மிஸ்ஸி சிரித்துவிட்டு, நல்லாயிருந்த அவர் கையைப் பிடித்துப் பாடம் நடத்தியிருக்கிறார். வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்து ஒப்பித்தார். கையை இளஞ்சூட்டு வெந்நீரில் ஊறவிட வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்க வேண்டும். பிறகு சுத்தியல் மாதிரி ஒரு பக்கம் பாரமான சாமான் ஒன்றை அடியில் பிடித்துக்கொண்டு, அதன் பாரத்தாலேயே கை மெல்ல மெல்ல மேலே திரும்ப விட வேண்டும். அடிக்கடி செய்யலாம், ஆனால் கொஞ்சமாக.

பிள்ளை பெற்ற அறைக்குள் சுத்தியலுக்கு எங்கே போக? என் தலையணைக்குக் கீழே பாக்குவெட்டி இருந்தது. ஜின் அண்டாமல் இருக்க இரும்பு வேண்டுமென்று உம்மா வைத்தது. நல்ல பாரமான சாமான். எடுத்துப் பிடியில் பிடித்துக்கொண்டேன்.

"அல்லாவே! அது வெளையாடுற சாமானா?" என்று உம்மா ஓடி வந்தார்.

"தலையணைக்குக் கீழ ஈக்கிறதப் பாத்தே பயப்புடுற ஜின், கையில ஈந்தா கிட்ட வருமா? பதில் செல்லுங்க பாப்பம்."

உம்மா யோசித்தார். அதற்குப் பிறகு நான் களைத்துப்போய்க் கீழே வைத்தாலும் விடமாட்டார். "எங்க பாக்குவெட்டி? எடுத்துப் புடி!" என்று அடுப்படியிலிருந்தே சத்தம் வரும்.

கொஞ்சமாகச் செய் என்றால் நான் கேட்கிற ஆளா? விடிந்ததிலிருந்து ஆட்டினேன். கை பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியது. வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆட்டினேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம், வீதியில் மாட்டு வண்டிச் சத்தம், எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சாம்பிராணிப் புகைக்குள் உட்கார்ந்து பாக்குவெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடிக்காதது அல்லாஹ்வின் கிருபை.

ஒரு நாள் காலை உள்ளங்கை மேலே பார்த்தது! உண்மையாகவே பார்த்தது. வீடே இடிந்து விழுகிற மாதிரிக் கூப்பிட்டேன். "புள்ளையத் தாங்க, இப்பவே தாங்க!" உம்மா தயங்கித் தயங்கி மகளின் தலையை என் வலது கையில் வைத்தார். அடுத்த கணம் கை தன்பாட்டில் பழையபடி புரண்டது. தலை சரிந்தது. உம்மா பாய்ந்து ஏந்தியிராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்காது. பிள்ளை வீரிட்டு அழுதாள். அவளைவிடச் சத்தமாக நான் அழுதேன்.

நடந்ததை மாப்பிள்ளை போய் மிஸ்ஸியிடம் சொன்னார். "முழங்கை எங்கே இருந்தது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாம். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தோள்தான் சுழலும், கை திரும்பாது, திரும்பியதுபோலத் தெரியும். இதை முதல் நாளே சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இந்த மனிதர் வழியிலேயே மறந்துவிட்டார்.

"முழங்கைய மறந்தீங்களா? உங்கட தலைய எங்கயும் மறந்து வெச்சிட்டு வரல்லையா?" என்று வைதேன். அவர் தன் முழங்கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

என் முழங்கை என்னைப் போலத்தான், ஓரிடத்தில் நிற்காது. ஒட்டி வைத்தால் அடுத்த நொடி விலகிவிடும். பார்த்துக்கொண்டிருந்த உம்மா, பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் கட்டும் நீளத்துணியை எடுத்துவந்தார். இடுப்பையும் முழங்கையையும் சேர்த்துச் சுற்றி இறுக்கி முடிந்தார். "இப்பப் பறக்கட்டும் பாப்பம்," என்றார்.

கட்டிய பிறகு கை இம்மியும் திரும்பவில்லை. ஆட்டியதெல்லாம் வீண். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. பாக்குவெட்டியை வீசப் போனேன். உம்மா என் கையைப் பாக்குவெட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அது போகிற மட்டும் மெல்லத் திருப்பினார், நான் கத்தியதும் நிறுத்தினார், மறுபடி திருப்பினார்.

"நோவுது உம்மா!"

"நோவட்டும்." அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. "ஒன்ட ராத்தாவ நான் இப்பிடிப் புடிச்சி வச்சீக்கோணும். புதுச் சாரி உடுத்தி என்னா வடிவாப் போறாள் என்டு வாசல்ல நிண்டு பாத்தேனே!"

அதுவரை அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உம்மாவே வந்து கட்டுவார். நான் கத்துவேன், அவர் திருப்புவார்.

நாற்பது கழிந்தது. குளித்துவிட்டு, தொழுதுவிட்டு, துஆ கேட்கக் கையேந்தினேன். இடது கை வானத்தைப் பார்த்தது. வலது கை பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த மிச்சச் சாய்வைப் பிறகு ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிதான் பல மாதம் பாடுபட்டு எடுத்தார். அன்றைக்கு எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இவ்வளவு நோவுக்கு இவ்வளவுதானா?

நான் துஆவை முடிக்கும் மட்டும் உம்மா காத்திருக்கவில்லை. குனிந்து, ஏந்தியிருந்த என் கைகளில் மகளைக் கிடத்தினார். அவள் தலை என் வலது உள்ளங்கையில் இருந்தது. கட்டத் துணி இல்லாமலே என் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. கை புரளவில்லை. உம்மாவின் இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் என் கைக்குக் கீழேயே இருந்தன. "எடுங்க உம்மா" என்று நான் சொல்லவில்லை.

அவராகவே எடுத்தார். எடுத்துவிட்டு, ராத்தாவின் பெயரைச் சொல்லி என் மகளைக் கூப்பிட்டார்.